மலையிலிருந்து திரும்பும் பெண்களுக்கு மாலை வேளையைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய பேரூராட்சித் தலைவர், மன்ற உறுப்பினர்கள், செயல் அலுவலர் ஆகியோருக்கு,

கடந்த மாதக் கூட்டத்தில் நீங்கள் நிறைவேற்றிய தீர்மானம் உடற்பயிற்சிக் கூடத்தின் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. மாலை 6 மணி முதல் 7.30 மணி வரை பெண்களுக்கென இருந்த வேளையை நீக்கி, காலை 11 மணி முதல் 12 மணி வரை என்று மாற்றியிருக்கிறீர்கள். 45 வயதைக் கடந்த பெண்கள் எடைக் கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்றும், அவர்கள் பூங்காவின் நடைபாதையையும் அங்கே புதிதாக நட்டிருக்கும் கருவிகளையும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் அதே தாளில் எழுதியிருக்கிறது. இந்த இரண்டு முடிவுகளையும் என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நான் அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். எனக்கு வயது 62. அந்த மாலை வேளையில் நான்கு ஆண்டுகளாக எடைப் பயிற்சி செய்துவந்த பதினேழு பெண்களில் நானும் ஒருத்தி. உங்கள் தீர்மானத்தின்படி எங்களில் பதினான்கு பேர் இனி அந்த எடை மாட்டும் ராடைத் தொட முடியாது. மீதி மூன்று பேர் தொடலாம், ஆனால் பகல் 11 மணிக்குத்தான் தொட முடியும்.

பகல் 11 மணிக்கு நம் ஊரில் எந்தப் பெண் இருக்கிறாள் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். பொழுது விடிவதற்கு முன்பே தூக்குவாளியோடு ஜீப்புக்குக் காத்து நிற்கும் பெண்களை உங்களில் பலர் நாள்தோறும் பார்க்கிறீர்கள். கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் கேரள எல்லை கடந்து, வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்கு அவர்கள் போகிறார்கள். நீங்கள் ஒதுக்கிய அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் இடுக்கி மாவட்டத்து மலையில், ஏலச் செடியின் தூரில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் ஊர் திரும்பும்போது மாலை 5 மணி ஆகிவிடுகிறது. எங்கள் பதினேழு பேரில் பதினொரு பேர் இப்படி மலைக்குப் போய் வருகிறவர்கள். அவர்களால் ஒரு நாள்கூட வர முடியாத வேளையை ஒதுக்கிவிட்டு, பெண்களுக்கும் நேரம் கொடுத்திருக்கிறோம் என்று பதிவேட்டில் எழுதுவது முறையாகாது.

இந்தத் தீர்மானத்துக்குக் காரணம் கேட்டு உங்களில் ஒருவரைப் பார்க்கப் போனபோது, அவர் என்னை மரியாதையோடு உட்காரவைத்து, “டீச்சர், மலையில சுமக்காத சுமையையா இவங்க இங்க வந்து தூக்கப் போறாங்க? வேலை செஞ்ச ஒடம்புக்கு ஓய்வுதான வேணும்?” என்று கேட்டார். அவர் அக்கறையோடுதான் கேட்டார். நானும் நெடுங்காலம் அப்படியேதான் நினைத்திருந்தேன். அதனால் அந்தக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன்.

என் அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏலத் தோட்டத்தில் வேலை செய்தவர். காய் மூட்டையைச் சும்மாட்டில் வைத்துச் சரிவில் இறங்கிய கால்கள் அவருடையவை. எங்கள் தெருவில் அவரைப் போல் உழைத்தவர் இல்லை என்று இன்றும் சொல்வார்கள். அவர் தம் 67ஆம் வயதில் கொல்லைப்புறத்தில் தண்ணீர்த் தொட்டியருகே, நின்ற உயரத்திலிருந்து வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. ஆனால் அதன் பிறகு அவர் தானாக எழுந்து நடக்கவே இல்லை. பத்தாம் மாதம் போய்விட்டார். நின்ற இடத்தில் விழுந்து முறிகிற எலும்பு, முன்பே உள்ளுக்குள் அரித்துப்போன எலும்பு என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு 57 வயதில் மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டபோதுதான் ஒரு மருத்துவர் சந்தேகப்பட்டு, எலும்படர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுக்க மதுரைக்கு அனுப்பினார். என் முதுகெலும்பின் டி மதிப்பெண், அதாவது இளம் வயதினரின் எலும்படர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் அளவு, மைனஸ் 2.7 என்று வந்தது. மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்பு அரித்து எளிதில் முறியும் எலும்புப்புரை நோய் என்பது உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த கணக்கு. பிள்ளைகளுக்கு ஓட்டமும் தாவலும் கற்றுக்கொடுத்தே வாழ்ந்தவளுக்கு இந்த நிலை வந்தது ஏன் என்ற கேள்விதான் என்னைப் படிக்கவைத்தது.

எலும்பு ஒருமுறை கட்டி முடித்த சுவரைப் போன்றதில்லை. பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்களும் அந்த இடத்தில் புதியதை நிரப்பும் செல்களும் அதற்குள் வாழ்நாள் முழுவதும் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. எங்கே நிரப்ப வேண்டும், எங்கே விட்டுவிடலாம் என்று அவற்றுக்குச் சொல்லும் செல்கள் எலும்பின் உள்ளே புதைந்திருக்கின்றன. பாரம் ஏறும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது. அதன் நுண்குழல்களில் உள்ள நீர் நகர்கிறது. அந்த நகர்வைப் புதைந்திருக்கும் செல்கள் உணர்ந்து, கட்டும் வேலையை முடுக்கிவிடுகின்றன. எலும்பு தான் தாங்கும் பாரத்துக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இலேயே எழுதினார். டென்னிஸ் வீரர்களின் மட்டை பிடிக்கும் கையெலும்பு மற்றக் கையெலும்பைவிடத் தடித்திருப்பதும், எடையற்ற வெளியில் வாழும் விண்வெளி வீரர்கள் மாதந்தோறும் தம் எலும்படர்த்தியில் ஏறத்தாழ 1 முதல் 1.5 விழுக்காடு வரை இழப்பதும் அதே விதியின் இரண்டு முகங்கள்.

அப்படியானால் சுமந்தே வாழ்ந்த என் அம்மாவின் எலும்பு ஏன் முறிந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அதற்கான விடையின் பெரும்பகுதி, பறவைகளின் இறக்கை எலும்பில் 1984இல் லான்யன், ரூபின் என்ற இரு ஆய்வாளர்கள் செய்து பார்த்த சோதனைகளில் எனக்குக் கிடைத்தது. ஏற்றி இறக்கி அசைத்துக் கொடுத்த அழுத்தத்துக்கு எலும்பு வளர்ந்தது. அசையாமல் ஒரே சீராக வைத்த பாரத்துக்கு வளரவில்லை, பயன்படுத்தாமல் விட்ட எலும்பைப் போலவே அது குறைந்தது. நாளொன்றுக்கு 36 முறை அழுத்தியபோது எலும்பு வளர்ந்தது. 1,800 முறை அழுத்தியபோதும் அதற்கு மேல் கூடுதலாக எதுவும் வளரவில்லை. நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் செய்வதால் எலும்புக்கு ஆதாயம் பெருகுவதில்லை. சில முறையே ஆனாலும் வழக்கத்தைவிடப் பெரிய பாரம் வர வேண்டும், நடுவே ஓய்வும் வேண்டும். மலையில் நடப்பது இதற்கு நேர்மாறானது. எட்டு மணி நேரம் ஒரே குனிவு, பல ஆண்டுகளாக மாறாத அதே மூட்டை, தலையில் அசையாமல் அமர்ந்திருக்கும் சுமை. உடல் அதற்குப் பழகி வெகுநாள் ஆகிவிடுகிறது. அதனால் களைப்பு வரும், குறுக்கு வலி வரும், ஆனால் புதிதாகக் கட்டு என்ற செய்தி எலும்புக்குப் போவதில்லை. அந்தச் செய்தி போனாலும் கட்டுவதற்குப் பொருள் வேண்டுமே. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்தது. பாலைக் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டுத் தான் கடுங்காப்பி குடித்து ஜீப் ஏறிய என் அம்மாவுக்கு அதில் பாதியாவது கிடைத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

நீங்கள் காட்டும் மாற்று வழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பூங்காவில் நட்டிருக்கும் கருவிகளை நானே ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்தேன். காலை முன்னும் பின்னும் வீசுகிற கருவியிலும், இடுப்பைத் திருப்புகிற வட்டத் தட்டிலும் எதிர்ப்பு என்று ஒன்றுமே இல்லை. சிறு பிள்ளை ஏறினாலும் நான் ஏறினாலும் அவை ஒரே மாதிரி ஆடுகின்றன. எடையைக் கூட்டவும் குறைக்கவும் வழி இல்லாத கருவி மூட்டுக்கு அசைவு கொடுக்கும், எலும்புக்கு வேலை கொடுக்காது. நடைபாதை நல்லதுதான்; இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நடை உதவும். ஆனால் பிறந்தது முதல் நடந்துகொண்டிருக்கும் உடலுக்கு நடை பழகிய பாரம் என்பதால், எலும்படர்த்தியைக் கூட்ட நடை மட்டும் போதாது. பெரியவர்கள் எல்லோரும் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் உடலின் பெரிய தசைகளுக்கெல்லாம் வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்றும், 65 வயதைக் கடந்தவர்கள் சமநிலையையும் வலுவையும் வளர்க்கும் பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. வயது ஏறினால் இதை விட்டுவிடலாம் என்று அதில் எங்கும் இல்லை.

நீங்கள் 45 என்று கோடு போட்ட இடம்தான் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு பெரும்பாலும் 46, 47 வயதை ஒட்டி நிற்கிறது. அப்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மைச் சுரப்பு குறைந்தவுடன் அரிக்கும் செல்களின் கை ஓங்கி, அடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் சில பெண்கள் தம் எலும்படர்த்தியில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழந்துவிடுகிறார்கள். எலும்புக்கு உதவி மிகவும் தேவைப்படும் அந்த ஆண்டுகளின் வாசலிலேயே நீங்கள் கதவைச் சாத்தியிருக்கிறீர்கள். இந்த வயதுப் பெண்கள் கனமான எடையைத் தூக்கினால் ஆபத்து என்ற அச்சம் மருத்துவர்களுக்கும் ஒரு காலத்தில் இருந்ததுதான். அதைச் சோதிக்க ஆஸ்திரேலியாவில், எலும்படர்த்தி குறைந்த, மாதவிலக்கு நின்ற 101 பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது; முடிவு 2018இல் வெளியானது. அவர்களின் சராசரி வயது 65. ஒரு பாதிப் பேர் வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம், பயிற்றுநரின் கண்முன் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடை தூக்கி நிற்பது), ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), தலைக்கு மேல் எடை உயர்த்துதல், குதித்திறங்குதல் ஆகியவற்றைச் செய்தார்கள். தங்களால் ஒரு முறை தூக்க முடிகிற உச்ச எடையில் 80 விழுக்காட்டுக்கு மேல் தூக்கினார்கள். எட்டு மாதங்களில் அவர்களின் கீழ்முதுகெலும்பு அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியது. வீட்டில் இலேசான பயிற்சி செய்த மற்றப் பாதிப் பேருக்கு 1.2 விழுக்காடு குறைந்தது. கனமாகத் தூக்கிய கூட்டத்தில் ஏற்பட்ட காயம் சிறு முதுகுப் பிடிப்பு ஒன்றே ஒன்று. வயது இன்னும் கூடுதலாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. 1990இல் பாஸ்டனில் முதியோர் இல்லமொன்றில் தொண்ணூறு வயதை ஒட்டியவர்கள் எட்டு வாரம் எடைப் பயிற்சி செய்து, தங்கள் கால் வலுவை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்கிக்கொண்டார்கள்.

ஆஸ்திரேலிய ஆய்வில் இருந்த பெண்கள் முதல் நாளே கனம் தூக்கவில்லை என்பதையும் நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் மாதம் முழுவதும் இலேசான எடையில் முறை பழகினார்கள். நம் கூடத்தில் நடந்த விபத்தை இங்கிருந்துதான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தீர்மானத்தில் ‘பயனாளி ஒருவருக்கு ஏற்பட்ட காயம்’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். அன்று நானும் அங்கே இருந்தேன். அவர் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. உழைத்த உடம்பு என்பதால் வேகமாக முன்னேறினார். வாரத்துக்கு வாரம் எடையைக் கூட்டினார். தலைக்கு மேல் தூக்கும்போது ஒரு நாள் தோள் பிடித்துக்கொண்டது. வலி தசையில் இல்லை, தசையை எலும்போடு கட்டும் தசைநாணில் இருந்தது. முதல் சில வாரங்களில் கூடும் வலுவில் பெரும்பங்கு, நரம்புகள் தசையை ஒருங்கே இயக்கப் பழகுவதால் வருவது. தசையும் விரைவில் தடிக்கிறது. தசைநாண் அப்படியன்று. அதற்கு இரத்த ஓட்டம் குறைவு, புதுப்பித்தல் மெதுவு. பாரத்துக்கேற்ப அது விறைப்பேறி உறுதியாக மூன்று மாதமாவது ஆகும். குதிகால் தசைநாணின் நடுப்பகுதி பதினேழு வயதுக்குள் உருவானதாகவே வாழ்நாள் முழுவதும் நிற்கிறது என்று டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் பரவிய கதிரியக்கக் கரிமத்தின் அளவை வைத்து அதைக் கணக்கிட்டார்கள். அவ்வளவு எளிதில் புதுப்பிக்க முடியாத பொருளை நாம் அவசரப்படுத்தக் கூடாது. அதே நேரத்தில் அதைச் சும்மா வைத்திருப்பதும் தவறு. அளவான பாரம் கொடுத்து ஓரிரு நாள் இடைவெளி விடும்போதுதான் அதைச் சுற்றிலும் கொலாஜன் என்ற நார்ப்பொருளின் உற்பத்தி கூடி அது வலுப்படுகிறது. குருத்தெலும்புக்கும் இரத்தக் குழாய் இல்லை. அழுத்தி விடும்போது உள்ளே போய் வரும் நீரில்தான் அதற்கு உணவு. எடை தூக்கினால் மூட்டு தேய்ந்துவிடும் என்று எங்களிடம் பயந்து கேட்ட பெண்கள் பலர். தொடைத் தசை வலுப்பட்ட பிறகு முழங்கால் வலி குறைந்து, ஜீப்பின் பின்படியில் கைத்தாங்கல் இல்லாமல் ஏறுகிறேன் என்று சொன்னவர்களும் அவர்களேதான்.

அந்தப் பெண்ணின் தோளுக்கு நேர்ந்ததில் எனக்கும் பொறுப்பு உண்டு. இன்னும் அழுத்தமாக நான் தடுத்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கூடத்தில் பயிற்றுநர் ஒருவரும் இல்லை என்பதும், இருந்த பிளேட்டுகளில் மிகச் சிறியது ஐந்து கிலோ என்பதால் ராடின் இரு முனையிலும் மாட்டி எடையைக் கூட்டினால் ஒரே தாவலில் பத்துக் கிலோ கூடும் என்பதும் உங்கள் பதிவேட்டில் இருக்க வேண்டிய உண்மைகள். இந்தக் குறைகளை இரண்டு கடிதங்களில் எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அவற்றுக்குப் பதில் வரவில்லை. விபத்துக்குப் பிறகு வந்தது இந்தத் தீர்மானம்தான். கிணற்றில் படி உடைந்திருந்தால் படியைக் கட்ட வேண்டும். தண்ணீர் எடுக்க வருகிறவர்களைத் தடுப்பது சரியாகுமா?

எனக்கு நேர்ந்ததையும் அளவோடு சொல்கிறேன். மருத்துவர் சொன்னபடி கால்சியமும் வைட்டமின் டியும் எடுத்துக்கொண்டேன். ராகிக் கூழும் மோரும் தவறியதில்லை. அவற்றோடு வாரம் இரண்டு மாலை எடைப் பயிற்சி. வெறும் ராடில் தொடங்கி, இன்று தரையிலிருந்து 45 கிலோவைத் தூக்கி நிற்கிறேன். மூன்று ஆண்டு கழித்து எடுத்த ஸ்கேனில் மைனஸ் 2.7 என்பது மைனஸ் 2.3 ஆகியிருந்தது. இது முழுவதும் எடையால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்டுக்காண்டு குறைய வேண்டிய வயதில் அது கூடியிருக்கிறது. எங்களில் 66 வயதான ஒருவர், தரையில் உட்கார்ந்தால் தூணைப் பிடிக்காமல் எழ முடியாது என்பதால் கோயிலுக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். இப்போது பந்தியில் மற்றவர்களோடு உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுகிறார். இந்த மாற்றத்தை எந்த ஸ்கேனும் காட்டாது; அவர் மருமகளைக் கேட்டால் தெரியும்.

நம் தென்மாவட்டங்களில் பல ஊர் மந்தைகளில், இளைஞர்கள் தூக்கிப் பார்க்கும் இளவட்டக்கல் கிடக்கிறது. சில ஊர்களில் பொங்கலன்று பெண்களும் அதைத் தூக்குகிறார்கள். உரலில் உலக்கை போட்ட கைகளும், ஆட்டுக்கல்லைச் சுழற்றிய தோள்களும் நம் வீடுகளில் இருந்தவைதான். கனத்தைத் தூக்குவது பெண்ணுக்குப் பொருந்தாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மலையில் மூட்டை தூக்கும்போது அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

ஆகவே நான் கேட்பவை இவை. மாலை 6 முதல் 7.30 வரையிலான பெண்கள் வேளையை வாரத்தில் குறைந்தது மூன்று நாளுக்காவது உடனே திருப்பித் தர வேண்டும். ஆண்களுக்கு அதற்குப் பிறகு இரவு 9 மணி வரை கூடம் திறந்திருக்கிறது. 45 வயது என்ற தடையைத் தீர்மானத்திலிருந்து நீக்க வேண்டும். அதற்குப் பதிலாக, முன்பு எலும்பு முறிந்தவர்களும் இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரின் ஒப்புதலோடு சேர வேண்டும் என்று விதி வைத்தால் நாங்கள் மனமுவந்து ஏற்போம். முறை கற்றுத் தரவும் எடை கூட்டும் வேகத்தைக் கட்டுப்படுத்தவும் பயிற்சி பெற்ற பெண் பயிற்றுநர் ஒருவரை அந்த மூன்று மாலைகளுக்கு அமர்த்த வேண்டும். அவர் வரும் வரை ஊதியமில்லாமல் அந்த வேலையைச் செய்ய நான் ஆயத்தமாக இருக்கிறேன், அதை எழுத்தில் தருகிறேன். ஒன்றேகால் கிலோ, இரண்டரை கிலோ பிளேட்டுகளை வாங்கித் தர வேண்டும். பூங்காவில் நட்ட ஒரு கருவிக்கு ஆன செலவைவிட இது குறைவாகவே இருக்கும். அரசு மருத்துவமனைக்கு எழுதி, 45 வயதைக் கடந்த தோட்டத் தொழிலாளிப் பெண்களுக்கு எலும்புப் பரிசோதனைக்குப் பரிந்துரைக்கும் முகாம் ஒன்றை ஞாயிற்றுக்கிழமையில், அவர்கள் ஊரில் இருக்கும் நாளில், நடத்த ஏற்பாடு செய்ய வேண்டும்.

இந்த மடலை அடுத்த மன்றக் கூட்டத்தில் வாசித்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் உங்கள் முடிவை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கூட்டம் மாலை 6 மணிக்குப் பிறகு நடக்குமானால் நாங்கள் பதினேழு பேரும் நேரில் வந்து, கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருத்தி,
மாலை வேளைப் பெண்கள் பதினேழு பேரின் சார்பில்